நம் வீட்டின் மூன்று வயிறுகள்

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, தொளதொளத்துப் போன சட்டைகளைப் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் ஒரு கேள்வி கேட்டாய். "மா, என்ன ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளினு போனாங்களே, அப்ப ஏம்மா உன் மூஞ்சில ஒண்ணுமே இல்ல? பக்கத்து பெட் பையனோட அம்மா எப்டி அழுதாங்க. நீ பஸ்ஸுக்கு நிக்கிற மாரி நின்னுகினு இருந்த." நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீயும் அதற்கப்புறம் கேட்கவில்லை. சாயங்காலம் உன் பைக் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். கேட்டிருக்க வேண்டாம் என்று நீ நினைத்துக்கொண்டு போனது உன் முதுகிலேயே தெரிந்தது. வாயால் சொல்ல எனக்கு வராது. கோர்ட்டில் ஊரார் சொன்னதையெல்லாம் டைப் அடித்தே பழகிய கை இது. என் பேச்சையும் எழுதித்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் சுமாரான பருமன்தான். அதற்கு முன்னால் இருந்த என்னை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. நீ பிறந்தபின் ஏறிய உடம்பு இறங்கவே இல்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து செங்கல்பட்டு கோர்ட்டுக்குத் தினமும் பஸ். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறும். என் பக்கத்துச் சீட்டில் ஒருவர் பாதி உட்கார்ந்து, பாதி தொங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் புதுக் கண்டக்டர் ஒருவன், "இன்னாம்மா, ரெண்டு டிக்கெட்டா கிழிக்கட்டுமா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க எனக்கு நன்றாக வரும். ஆனால் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. கோர்ட் மாடிப்படியில் பாதியில் நின்று, ஃபைலைப் புரட்டுவது போல மூச்சு வாங்குவேன். பட்டினி, கஞ்சி, கொள்ளு, நாட்டு மருந்து, காலையில் எலுமிச்சைச் சாறு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இறங்கும், பிறகு இறங்கியதைவிடக் கூடுதலாக ஏறும்.

அப்போதுதான், தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு சர்ஜன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்கிறார் என்று உன் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. குண்டாக இருப்பதற்கு ஆபரேஷனா என்று சிரித்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். முதலில் எடை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். செங்கல்பட்டில் டாக்டர் வீட்டு மெஷினில் ஏறினேன், முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்த நர்ஸ்தான், "ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸ்ல பெரிய தராசு கீது, அங்க போய்ப் பாருங்க சார்" என்று அப்பாவிடம் சொன்னாள். போனோம். மீன் கூடைகளும் பூ மூட்டைகளும் இறங்கியிருந்த ஈரப்பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சுமை தூக்குகிறவர்கள் நான்கு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிளார்க் எடையைச் சத்தமாகப் படிக்க வாயெடுத்தார். அப்பா குறுக்கே புகுந்து, "நீங்க படிக்காதீங்க சார், நானே பாத்துக்கிறேன்" என்றார். நூற்று முப்பத்தெட்டு. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அப்பா சொன்ன ஒரே வார்த்தை இதுதான்: "ஒனக்கு வோணும்னா பண்ணிக்கோ. எனக்கோசரம் பண்ணிக்காத." வேண்டும் என்றேன். எனக்காகத்தான் வேண்டும் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

உன் வயிற்றில் இருப்பவை ஐந்து சின்னப் பொட்டுகள். என் வயிற்றில் நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி இறங்கும் ஒரு கோடு. அப்போதெல்லாம் முழுக்கத் திறந்துதான் செய்வார்கள். இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையாக வருவதுபோல் ஸ்டேப்ளரால் குத்தி, அந்தப் பையின் வாயில் ஒரு பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். காகிதத்துக்குப் பின் அடிக்கிற மாதிரி என்று அந்த சர்ஜன் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனுஷன். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்? கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், பக்கவாட்டில் ஒரு குழாய். இருமினால் உடம்பு இரண்டாகப் பிளப்பது போல இருக்கும். தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வார்டுகளிலிருந்து என்னைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து கதவருகே நின்றார்கள். உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். நீ இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்குக் கட்டி என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் வீடு வந்து சேர்ந்து, தரையில் கால் மாற்றி வைத்து நடக்கவே வெகுநாள் ஆயிற்று. "நல்லா மென்னு தின்னுங்க, கொஞ்சமா தின்னுங்க" என்றார்கள். ஒரு மாதத்துக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன். தொடர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எடை இறங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு வருஷத்தில் ஆளே மாறிவிட்டேன். கோர்ட்டில் என்னை அடையாளம் தெரியாத வக்கீல்கள் "புது டைப்பிஸ்டா?" என்று கேட்டார்கள். மாடிப்படி ஒரே மூச்சில் ஏறினேன். ஆனால் வாந்தி நிற்கவில்லை. ஒரு வாய் சோறு கூடுதலாகப் போனாலும், சரியாக மெல்லாமல் விழுங்கினாலும், அங்கேயே நின்று, அப்படியே திரும்பி வரும். கல்யாண வீடுகளில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போவேன். சாப்பாட்டைப் பார்த்தாலே உடம்பு பயந்தது. பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. பசியும் போய்விட்டது. பசியில்லாமல் இருப்பது வசதியாக இருக்கும் என்றுதான் நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பசி போனபோது அது தனியாகப் போகவில்லை. மல்லிகைப்பூ வாங்கத் தோன்றாது. ரேடியோ போடத் தோன்றாது. நீ மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டுவாய். முதல் ரேங்க் என்று வாய் சொல்லும், உள்ளே ஒன்றும் அசையாது. மணி பார்த்துச் சாப்பிட்டேன், மணி பார்த்துப் படுத்தேன், மணி பார்த்து உன்னைக் கொஞ்சினேன்.

மாமல்லபுரம் போனது உனக்கு ஞாபகம் இருக்கலாம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில், சவுக்குத்தோப்பு ஓரமாக நடந்தோம். நீ முன்னால் ஓடி, திரும்பிப் பார்த்து, "மா, ரத்தம் மா!" என்று கத்தினாய். மணலில் என் கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. கிளிஞ்சல் வெட்டியிருக்கிறது. ஆழமாக. எனக்குத் தெரியவில்லை, சரவணா. வலி இல்லை. அப்பா கைக்குட்டையைக் கட்டிவிட்டு, "எப்பத்துலருந்து இப்டி கீது?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். பஸ்ஸில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். குளியலறைத் தண்ணீர் சுடுகிறதா என்பதைக் கைவிட்டுத்தான் பார்க்கிறேன். செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை பார்த்தார், இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். நான் ஆபரேஷனைச் சொன்னேன். அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றார். எனக்கும் சம்பந்தம் தெரியவில்லை. கணுக்காலுக்குக் கீழே யாரோ ஒருத்தியின் காலை மாட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் அதற்கப்புறம் நடந்தேன். பழகிவிட்டது. சோறு இறங்காவிட்டாலும் பாயசம் இறங்கும், டீயில் ஊறிய பிஸ்கட் இறங்கும், ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகும். பசிக்காமலே அவற்றைத் தின்று பாதி எடை திரும்பி வந்தது. நீ பார்த்து வளர்ந்த அம்மா அவள்தான்.

உன் சித்தி மல்லிகாவின் கதை வேறு. எங்கள் வீட்டுப் பெண்களுக்கே இந்த உடம்பு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். அவள் கேளம்பாக்கத்திலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, இப்பலாம் வயித்த கிழிக்கிறதே இல்லக்கா. ஓட்ட போட்டு உள்ள ஒரு பெல்ட்ட மாட்டிடுறாங்க. வேணாம்னா கழட்டிக்கலாமாம்!" என்றாள். நல்லது என்றோ கெட்டது என்றோ எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு இரைப்பையின் கழுத்தில் ஒரு பட்டையைச் சுற்றி, அதிலிருந்து வரும் சின்னக் குழாயைத் தோலுக்கடியில் காசு மாதிரி ஒரு மூடியோடு சேர்த்திருந்தார்கள். அவ்வப்போது போய் அந்த மூடியில் ஊசி குத்தி, உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வருவாள். ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். "பைக் டயருக்கு காத்தடிக்கிற மாரிதாங்க்கா, செக் பண்ணினு வந்துகினே இருக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். இறங்கினாள். சுடிதார் போட ஆரம்பித்தாள். பிறகு ஒருநாள் எச்சில் கூட உள்ளே போகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டை நழுவியிருந்தது. எடுத்துவிட்டார்கள். போன எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவளைப் பார்க்கப் போனபோது, "போ-ன்னு வெரட்டுன மூட்ட, வழி கண்டுபுடிச்சி வூட்டுக்கே வந்துட்ச்சிக்கா" என்றாள். அவளுக்கு அழுதுகொண்டே சிரிக்க முடியும். அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்து, எனக்கு இரண்டில் ஒன்றுகூட வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீ. சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தாய். ஷிஃப்ட், கேப், கம்பெனி கேன்டீன், பரோட்டா. வாராவாரம் வரும்போது கழுத்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. கேப்பில் உன்னோடு வரும் பையன்கள் நீ தூங்கும்போது விடும் குறட்டையை விளையாட்டுக்குச் செல்போனில் பதிவு பண்ணி உனக்கே போட்டுக் காட்டினார்கள் என்றாய். நீயும் சிரித்தாயாம். அந்தச் சிரிப்பு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்புறம் அதில் ஒருவன் சிரிக்காமல் சொன்னானாமே: "மச்சான், நடுவுல கேளு, சத்தமே இல்ல பாரு. நீ மூச்சே வுடலடா." அந்தச் சத்தமில்லாத இடம்தான் உன்னை டாக்டரிடம் கொண்டுபோய் விட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இருதயத்துக்குக் கெடுதல் என்றார்கள். ஆபரேஷன் என்றார்கள். நீ வந்து என்னிடம் கேட்டபோது, "உன் இஷ்டம்" என்றேன். அதற்குமேல் பேச என்னிடம் ஏதும் இல்லை என்பதுதான் உண்மை.

உன்னோடு அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்தது எனக்கு வேறு உலகம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். முன்பு செய்துகொண்டவர்கள் எழுந்து நின்று பேசினார்கள். சாப்பாட்டுக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர். இரைப்பையில் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவோம் என்றார்கள். பெல்ட் இல்லை, மூடி இல்லை. உயிர் உள்ளவரை மாத்திரை, உயிர் உள்ளவரை ரத்தப் பரிசோதனை என்று அங்கிருந்த பெண் டாக்டர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, அழுகை வர வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. கதவில் எழுதியிருந்ததைப் படித்தேன். அதையே மறுபடியும் படித்தேன். அப்பா வாசலுக்கும் கேன்டீனுக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்குள்ளே அந்தப் பார்சல் ஆபீஸ் பலகை மாதிரி ஈரமாக, சில்லென்று, காலியாக இருந்தது. உன்மேல் பாசம் இல்லாமல் அப்படி நிற்கவில்லை. எட்டுகிற தூரத்தில்தான் பாசம் இருந்தது. எடுக்கத்தான் கை வரவில்லை.

சாயங்காலமே நீ சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு காரிடாரில் நடந்து வந்தாய். "மா, பாத்தியா!" என்றாய். நான் எழுந்து உன் பின்னால் வந்தேன். அப்போது அந்தப் பெண் டாக்டர், "அம்மா, செருப்பு கழண்டுபோச்சு, பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன், கழன்றுதான் இருந்தது. நீ அதைக் கவனிக்கவில்லை. அவர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் காலில் ஒரு குண்டூசி முனையை வைத்து, "தெரியுதா?" என்று கேட்டார். பிறகு என் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார்.

"என்ன விட்டமின் எடுத்துக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"யாரு ஃபாலோ பண்றாங்க?"

"யாரும் இல்ல. அந்த டாக்டர் இப்ப இல்ல."

அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். வாந்தி எடுத்து எடுத்தே, சரியாகத் தின்னாமலே, சத்தெல்லாம் வடிந்து நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார். ரத்தம் எடுத்தார்கள். பி-12 தரைமட்டத்தில் இருந்தது. ஊசி போடலாம், கொஞ்சம் தேறும், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன் என்றார். இத்தனை வருஷம் ஒரு மாத்திரையில் நின்றிருக்கக்கூடிய விஷயம் இது என்று கேட்டதும் கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு, உனக்குத் தண்ணீர் எவ்வளவு தரலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்பா என்னை ஸ்கூட்டரில் வைத்து ஊசிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறார். இடது கால் கட்டைவிரலில் மட்டும் இப்போது ஏதோ ஊர்கிறது. எறும்போ என்று வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எறும்பு இல்லை.

அதனால் சொல்கிறேன். எடை இறங்கி, எல்லோரும் உன்னைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதே. டாக்டர் கூப்பிடும் தேதிக்குப் போ. கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் ஒரு டாக்டரைப் பிடி. நாளைக்கு வரப்போகிற பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடு, பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மறைக்காதே. கால் மரத்தாலும் மனசு மரத்தாலும் உடனே வாயைத் திற. எனக்கு மரத்தது இரண்டும் ஒன்றா, ஒன்றால் மற்றதா என்று அந்த டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

இதை இங்கே முடித்திருப்பேன். ஆனால் நேற்று மதியம் நீ ஆபீஸிலிருந்து போன் பண்ணினாய். "மா, ஒண்ணு சொல்றேன், பயப்படாத. எனக்குப் பசிக்குதும்மா. இத்தினி மாசமா இல்ல. இன்னிக்கு காலைலருந்து வயிறு கிள்ளுது. நாஸ்தா வேணும்னு தோணுது. ஆபரேஷன் ஃபெயிலாயிட்ச்சாமா?" மறுபடியும் நீ, "மா? மா?" என்றாய். பிறகு என் சத்தம் கேட்டுப் பதறிப்போய், "அழுவாதம்மா, நான் இப்பவே டாக்டருக்கு போன் பண்றேன்" என்று வைத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, பசி திரும்புவது சரிதானாம், எதிர்பார்த்ததுதானாம், பயப்பட ஒன்றுமில்லையாம் என்று என்னைத் தேற்றினாய். அப்போதும் எனக்கு நிற்கவில்லை. அப்பா வந்து போனை வாங்கிக்கொண்டார்.

நான் பயந்து அழுதேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீ பசிக்கிறது என்றாய். என் பிள்ளைக்குப் பசிக்கிறது. வேறொன்றும் என் காதில் விழவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு நின்று, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், நானாக, மணி பார்க்காமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. இட்லி ஊற்றி வைக்கிறேன். ஒன்று சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா